45 வயதில் எழுத்தும் உளவியலும் சேர்ந்த தொழில்: யார் செய்யலாம், சட்டம் எங்கே குறுக்கே வரும்?

"இருபது வருஷம் கணக்கு பார்த்தாச்சு, இனிமேலாவது மனசுக்குப் பிடிச்சதைச் செய்யலாமே" என்ற பேச்சை வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், ஐ.டி. மேலாளர் என நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பலரிடம் கேட்கலாம். அந்த 'பிடிச்சது' சிலருக்கு ஒன்றல்ல, ரெண்டு. ஒன்று எழுத்து. இன்னொன்று மனித மனதைப் புரிந்துகொள்வது. இரண்டையும் சேர்த்து, யாரிடமும் வேலை கேட்காமல், தானே ஒரு தொழிலை உருவாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் எழுத்துக்கு உரிமம் தேவையில்லை, சிகிச்சைக்குத் தேவை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தெரியாமல் பணத்தையும் வருஷங்களையும் செலவழித்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பலரும் நம்பியிருந்த ஒரு வழி 2025-ல் அடைபட்டும் விட்டது.

அஞ்சல் வழி உளவியல் படிப்பு இனி இல்லையா?

நடுவயதில் உளவியல் பக்கம் வர நினைத்தவர்களின் வழக்கமான திட்டம் ஒன்று இருந்தது. வேலையை விடாமல், இக்னோ போன்ற பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சேரலாம், வயது தடையில்லை, கட்டணமும் குறைவு.

2025 ஜூலை - ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து, உளவியல் உட்பட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்தது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கலாம், புதிதாகச் சேர முடியாது. ஆகவே இனி உளவியல் பட்டம் வேண்டுமென்றால் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். குடும்பம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் ஃபீஸ் என்று ஓடும் ஒருவருக்கு இரண்டு வருஷம் பகல் வகுப்பு என்பது சாதாரண முடிவல்ல.

இந்த இடத்தில்தான் 'வார இறுதியில் படித்து உளவியலாளர் ஆகுங்கள்' என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் நடத்தைசார் சுகாதாரப் பிரிவில் சேர்க்கிறது. அந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு வேண்டும். ரெண்டு நாள் சர்டிபிகேட் கோர்ஸ் எங்கே, 3600 மணி நேரம் எங்கே! அந்தச் சான்றிதழ் ஒருவரின் சொந்த அறிவுக்கு உதவலாம். வாசலில் பெயர்ப்பலகை மாட்ட உதவாது.

தன்னை என்னவென்று சொல்லிக்கொள்ளலாம்?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். இதில் குழப்பம் குறைவு.

குழப்பம் 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயரில்தான். எம்.ஏ. உளவியல் மட்டும் முடித்தவர் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை, மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து அதன் பதிவேட்டில் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். நீண்ட காலமாக இதற்கான வழி இரண்டு வருட எம்.பில். படிப்பு. அதற்கு 2025-26 வரை மட்டுமே மாணவர்களைச் சேர்க்க யு.ஜி.சி. அனுமதித்தது. பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில்முறையாளராகப் பணியாற்றினால், 1992-ம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத் தொகை இன்றைக்குச் சிரிப்பை வரவழைக்கலாம், சிறை அப்படியல்ல.

'கவுன்சிலர்', 'ஆலோசகர்' என்ற பெயர்கள்தான் இத்தனை காலமும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடந்தன. 2021 சட்டத்தின் கீழ் மாநில அளவில் பதிவேடுகள் நடைமுறைக்கு வரும்போது அந்தக் கதவும் மூடும். இன்று அந்தப் பெயரில் தொழில் தொடங்குபவர், ஐந்து வருஷம் கழித்தும் அதே பெயரைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டே தொடங்க வேண்டும்.

நடுவயதில் இப்படி வந்தவர்கள் யார்?

நடுவயதின் முக்கியக் கேள்வியே 'அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கப் போகிறேன், இல்லை இப்படியே தேங்கிவிடப் போகிறேனா' என்பதுதான் என்று 1950-ல் வெளிவந்த தன் நூலில் எழுதியவர் எரிக் எரிக்சன். இளமையில் ஓவியராக ஊர் சுற்றியவர், கல்லூரிப் பட்டமே இல்லாதவர். பிறகு வியன்னாவில் அன்னா ஃப்ராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்று, ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். காந்தியைப் பற்றிய அவருடைய நூல் 1970-ல் புலிட்சர் பரிசு பெற்றது. பட்டம் வேண்டாம் என்பதற்கு இவரை உதாரணம் காட்டுபவர்கள், அவர் வியன்னாவில் பெற்ற முறையான பயிற்சியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

காந்தி நூலுக்காக எரிக்சன் 1960-களில் அகமதாபாத் வந்தபோது சந்தித்த இளைஞர் சுதிர் கக்கர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போனவர். அந்தச் சந்திப்புக்குப் பிறகு திசை மாறியது. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்று, 1975-ல் டெல்லிக்குத் திரும்பி சிகிச்சையாளரானார். இந்திய மனதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். முதல் நாவல் 1998-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 60.

அமெரிக்காவின் லோரி காட்லீப் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். தொலைக்காட்சித் துறையில் வேலை, பிறகு மருத்துவக் கல்லூரி, அதைப் பாதியில் விட்டு பத்திரிகை எழுத்து, அதன்பின் உளவியல் முதுகலை படித்து சிகிச்சையாளர். சிகிச்சை அறையைப் பற்றி 2019-ல் அவர் எழுதிய புத்தகம் பெரிய அளவில் விற்றது. அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

சூசன் கெய்ன் உளவியலாளரே அல்ல. கார்ப்பரேட் வழக்கறிஞராக இருந்து விலகியவர். அதிகம் பேசாத உள்முக மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படித்து, ஆய்வாளர்களைச் சந்தித்து எழுதிய 'க்வயட்' 2012-ல் வந்தது. சிகிச்சை எதுவும் அளிக்காமல், மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்வதே அவர் தொழிலானது. நம்ம ஊர் சூழலில், 45 வயதுக்காரருக்குச் சட்டச் சிக்கலும் செலவும் மிகக் குறைந்த பாதை இதுதான். தமிழில் உளவியல் ஆய்வுகளை எளிமையாக, ஆனால் மிகைப்படுத்தாமல் எழுதுபவர்களுக்கு இன்னும் நிறைய இடம் காலியாகவே இருக்கிறது.

எழுதினால் மனசு லேசாகுமா?

எழுத்தும் உளவியலும் நேரடியாகக் கைகோக்கும் இடம் 'உணர்வெழுத்து'. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், தினமும் 15 நிமிடம், தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவங்களை எழுதினார்கள். நடந்ததோடு சேர்த்து உணர்ந்ததையும் எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்திருந்தது.

'எழுதினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லும் பயிலரங்குகள் பெரும்பாலும் இந்த ஆய்வோடு நிறுத்திக்கொள்ளும். 2006-ல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் மிகச் சிறியது என்று தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த முதல் ஆய்விலேயே, எழுதி முடித்த உடனே மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் ஆனது.

இதை ஒரு பயிலரங்கில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிறு காலை, ஒரு நூலக அறை, 12 பேர். 'மறக்க முடியாத ஒரு இழப்பை எழுதுங்கள்' என்கிறார் நடத்துபவர். இருபதாவது நிமிடத்தில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு அழத் தொடங்குகிறார். அடுத்து என்ன செய்வது? இதற்குப் பதில் தெரியாதவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. சிறுவயது வீடு, பாட்டியின் சமையல், முதல் வேலை என்று தொடங்கி, எதை எழுதுவது என்பதைப் பங்கேற்பவரின் விருப்பத்துக்கு விடுவது பாதுகாப்பானது. 'இது எழுத்துப் பயிற்சி, சிகிச்சை அல்ல' என்று அழைப்பிதழிலேயே அச்சிடுவதும், தேவைப்பட்டால் கூப்பிட ஒரு மனநல மருத்துவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் அவசியம்.

யாருடைய கதையை எழுதுவது?

இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து இங்கேதான். கேட்கும் காது ஒன்று, எழுதும் கை ஒன்று, இரண்டும் ஒரே ஆளிடம். நல்ல கதை காதில் விழுந்ததும் கை பரபரக்கும்.

மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் ஒருவரின் புகைப்படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு. சட்டத்தின் வார்த்தைக்குள் வராத நண்பர், பயிலரங்குக்கு வந்தவர், கடிதம் போட்ட வாசகர் விஷயத்திலும் அதே ஒழுக்கம் பொருந்தும்.

பெயரை மாற்றினால் போதும் என்பது தவறான எண்ணம். 'கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் ரெண்டாவது மகள், கனடாவிலிருந்து திரும்பி வந்தவள்' என்று எழுதிவிட்டு 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டால், ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். ஊர், தொழில், உறவு முறை, உடன்பிறந்தோர் எண்ணிக்கை எல்லாம் மாற வேண்டும். புகழ்பெற்ற மனநல மருத்துவரும் எழுத்தாளருமான இர்வின் யாலோம், 1989-ல் வந்த சிகிச்சைக் கதைகள் நூலுக்கு, அடையாளங்களை மாற்றியதோடு சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியையும் பெற்றார். அனுமதி கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்னும் ஆலோசனைக்கு வந்துகொண்டிருப்பவரால் 'வேண்டாம்' என்று தைரியமாகச் சொல்ல முடியாது. ஆலோசனை முடிந்து சில காலம் ஆன பிறகு, எழுதியதைப் படிக்கக் கொடுத்துவிட்டுக் கேட்பதே நியாயம்.

சொந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். வாரம்தோறும் பத்தியைப் படிக்கும் மாமியாருக்குத் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நேரமாகாது.

பணம் எங்கிருந்து வரும்?

முதல் சில வருஷம் கையைக் கடிக்கும். 300 ரூபாய் விலையுள்ள புத்தகம் ஆயிரம் பிரதி விற்று, 10 சதவீத ராயல்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் எழுதியவருக்கு வருவது 30,000 ரூபாய். ஒரு வருட உழைப்புக்கு அவ்வளவுதான். 12 பேர், தலைக்கு 500 என்று நடத்தும் பயிலரங்கில் வருவது 6,000. இடவாடகை, டீ, தாள் செலவு இதில் போகும். ஆகவே புத்தகத்தை மட்டும் நம்பாமல் பத்தி, பயிலரங்கு, பள்ளி - கல்லூரிப் பேச்சு, மருத்துவமனைகளுக்கான விழிப்புணர்வுக் கையேடு என்று பல சிறு ஓடைகளாகத்தான் வருமானம் சேரும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. அந்தக் கவலை பெரும்பாலோருக்கு உடனே வராது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து போடுவது எழுதுபவர்களின் பழைய நோய். ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவருக்கே படைப்பின் முதல் உரிமை. உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு.

வேலையை எப்போது விடுவது?

தனியார் ஊழியர்கள் ராஜினாமாவுக்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இ.பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு பணி முடிந்திருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். ஒன்பதாவது வருஷத்தில் விடுபவர் அதை இழக்கக்கூடும். இன்னொன்று, நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். 45-க்கு மேல் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புதுக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

மத்திய அரசு ஊழியர்கள் அவ்வப்போது இலக்கியப் பணி செய்ய 1964 நடத்தை விதிகளின்படி முன் அனுமதி தேவையில்லை, தனித் தொழில் நடத்தத் தேவை. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

வேலையை விடாமலே தன்னைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து ஈடுபடுத்துகிறது. அறிவுரை சொல்லாமல், குறுக்கே பேசாமல், கேட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சில வாரங்களில் புரிந்துவிடும். 'எனக்கு இது வேண்டாம், எழுத்து மட்டும் போதும்' என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்தால், அதுவும் லாபம்தான். அங்கே கேட்டது எதுவும் எழுத்துக்கு வரக் கூடாது.

மனநலம் பற்றி எழுதத் தொடங்கியவருக்கு சில மாதங்களிலேயே வாசகர் கடிதங்கள் வரும். அதில் ஒன்றாவது உயிரைப் பற்றிய பயத்தைக் கிளப்பும். அதற்குப் பத்தியில் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. சினேகாவின் எண் 044-24640050.