வெள்ளைச் சீனியில் பதிந்த கைகள்



பிஸ்கட்டின் மேல் சீனிப் பூச்சால் பூ, லேஸ், கம்பளிச் சட்டையின் பின்னல் என்று அச்சு அசலாகச் செய்கிற கலை இப்போது நம் ஊர்களிலும் வீட்டுத் தொழிலாகிவிட்டது. என்னிடம் படித்தவர்களிலும் சிலர் செய்கிறீர்கள். அந்தப் பூச்சுக்கு ராயல் ஐசிங் என்று பெயர். இன்று அதன் வரலாறு. கொஞ்சம் நீளம்தான். இங்கே மணி அடிக்காது, நிதானமாகப் படியுங்கள்.

சங்கதி எளியது. முட்டையின் வெள்ளைக்கரு, மாவாகப் பொடித்த சீனி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. நன்றாக அடித்தால் வெள்ளைக் குழம்பாகும். நீர் வற்றியதும் கல் போல் இறுகிவிடும். வெண்ணெய் க்ரீம் இப்படி இறுகாது. ராயல் ஐசிங்கோ கடைசியாகக் கை எப்படி விட்டதோ அப்படியே நிற்கும். அதில் செய்யும் மேடுபள்ள வேலை எல்லாம் இந்த ஒரு குணத்தை நம்பித்தான்.

ஆனால் ஐரோப்பாவில் பிஸ்கட்டுக்கு மேடுபள்ளம் முதலில் வந்தது சீனியால் அல்ல, மரத்தால். இஞ்சியும் தேனும் சேர்த்த மாவை, உருவம் செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுட்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் இந்தத் தொழிலாளர்களுக்கு 1643-இல் தனிச் சங்கமே அமைந்தது. அங்கே அழகு அச்சைச் செதுக்கியவனுடையது. சுடுகிறவர் அதைப் பதித்தெடுப்பார், அவ்வளவுதான்.

அடுத்து இங்கிலாந்துக்கு வருவோம். பெரிய வீடொன்றில் நிர்வாகியாக இருந்த எலிசபெத் ராஃபால்ட் என்ற பெண்மணி 1769-இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். கல்யாணக் கேக்கின் மேல் முதலில் பாதாம் பூச்சு, அதன் மேல் சீனிப் பூச்சு என்ற முறை அதில் இருக்கிறது. வெள்ளைக்கருவைத் தட்டில் ஊற்றிக் கத்தியால் அரை மணி நேரம் அடிக்கச் சொல்கிறார். மின்சார மிக்சி வைத்திருக்கும் நாம் அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

1840-இல் நடந்த விக்டோரியா மகாராணி திருமணத்தின் கேக், சுமார் 300 பவுண்டு எடை. அதனால்தான் ‘ராயல்’ என்ற பெயர் வந்தது என்பார்கள். உண்மையில் அதற்கு முன்பே மிட்டாய்க் கலைஞர்களிடம் புழங்கிய பெயர்தான் அது. மகாராணியின் கல்யாணம் அதைப் பிரபலப்படுத்தியது.

பிறகு கூம்பும் குழல் முனையும் சேர்ந்தன. முறுக்கு அச்சில் துளை மாறினால் முறுக்கின் முகம் மாறுகிறதல்லவா, அதே தத்துவம்தான். ஜோசப் லாம்பெத் என்ற கலைஞரின் புத்தகம் 1934-இல் வந்தது. ஒரு கோடு காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு கோடு என்று அடுக்கி நிழல் விழச் செய்யும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இன்று பிஸ்கட்டில் செய்யும் நுட்பங்களும் இதன் வாரிசுகளே. பூவிதழின் ஓரத்தில் கெட்டியான கோடு பிழிந்து, காய்வதற்குள் ஈரத் தூரிகையால் உள்நோக்கி இழுத்தால் எம்பிராய்டரி போல வரும். ஈரப் பூச்சின் மேல் வேறு நிறத்தைச் சொட்டி ஊசியால் இழுத்தால் பளிங்குக் கோடு. ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் சொரசொரப்பு. கரண்டியிலிருந்து விழும் நாடா, 10 முதல் 15 வரை எண்ணுவதற்குள் கிண்ணத்தில் மறைந்தால் அது பரப்புகிற பதம். நிமிர்ந்து நின்றால் பூப் பிழிகிற பதம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது, நிறமும் பக்கத்து நிறத்தில் கசியும். மின்விசிறிக்கடியில் வையுங்கள். பச்சை முட்டைக்குப் பதில் வெள்ளைக்கருப் பொடி பாதுகாப்பானது.

சரி, அரச வீட்டுக் கேக்கில் இருந்த பூச்சு சாதாரண வீட்டு பிஸ்கட்டுக்கு எப்படி வந்தது? சீனி மலிந்ததால். பிரிட்டனில் சீனி மீதான வரியை 1874-இல் நீக்கினார்கள். ஆனால் அந்த மலிவுக்குப் பின்னால் வேறொரு கணக்கு இருக்கிறது.

கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பில்தான் முதலில் அந்த வெண்மை பிறந்தது. 1791-இல் இங்கிலாந்தில் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தச் சீனியே வேண்டாம் என்று ஒதுக்கின. பின்னாளில், ‘இது அடிமைகள் உழைப்பில் விளையாத இந்தியச் சீனி’ என்று அறிவிக்கும் கிண்ணங்கள்கூட மேசைக்கு வந்தன. 1833-இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தோட்டக்காரர்கள் அடுத்து யாரைத் தேடினார்கள்? நம்மவர்களைத்தான். மொரிஷியஸ், பிரிட்டிஷ் கயானா, நேட்டால் என்று ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தமிழரும் தெலுங்கரும் இருந்தார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக பாரதியார் கண்ணீர் வடித்ததைப் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது சீனியின் அருமை பிரிட்டனுக்கே புரிந்தது. 1940-இல் சீனிக்கு ரேஷன். அதே ஆண்டு, சீனிப் பூச்சு போட்ட கேக் செய்து விற்கவும் தடை. கல்யாண வீட்டில் சின்னக் கேக்கின் மேல் அட்டையில் செய்த வெள்ளைக் கூட்டைக் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1953 வரை சீனி ரேஷனில்தான் கிடைத்தது.

தூரிகை இழுத்தவரின் கை பூச்சில் தெரிகிறது. கரும்பு வெட்டியவரின் கை தெரிவதில்லை. ஆலையில் சுத்திகரித்து வெளுக்கும்போது, விளைந்த மண்ணின் நிறமும் உழைத்தவரின் அடையாளமும் போய்விடுகின்றன. அந்த அடையாளத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் வரலாற்றுப் பாடத்தின் வேலை என்று நினைக்கிறேன். பிஸ்கட் செய்யும் பிள்ளைகள் தாராளமாகச் செய்யுங்கள், நன்றாக விற்கட்டும். வாங்குகிறவர்களிடம் இந்தக் கதையையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

நம் உறவுகளில் யார் வீட்டிலாவது, பாட்டன் பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களைப் பற்றிய பேச்சு இருந்ததுண்டா? ஊர்ப் பெயரோ, போன தீவின் பெயரோ நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். தொகுத்து வைக்கலாம்.