25 சொற்களில் ஒரு கடிதம்

தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் 25 சொற்களைச் சொல்லி முடிக்க ஏறக்குறைய பத்து வினாடி ஆகும். வணக்கம் சொல்லி, நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, விருந்தினரை அறிமுகம் செய்வதற்குள் அது தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரில் சிறைப்பட்ட ஒரு போர்வீரர், பல மாதங்களுக்கு ஒருமுறை தம் மனைவிக்கு எழுத அனுமதிக்கப்பட்டது ஏறத்தாழ அவ்வளவுதான்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சுமார் 50,000 பேர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஊரில் இருந்த குடும்பங்களுக்கு வந்த தகவல் ‘காணவில்லை’ என்பது மட்டுமே. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? பதில் சொல்ல ஆளில்லை. அந்த ஆண்டின் நடுவில்தான் கைதிகளுக்கு முதல் அஞ்சலட்டை கொடுக்கப்பட்டது. அது வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது 1943 ஆகிவிட்டது.

பின்னர் வந்த அட்டைகள் பலவற்றில் வாசகங்களை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். என் உடல்நலம் மிக நன்று, வழக்கம்போல், மோசம் என்று வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட வேண்டும். கூலிக்கு வேலை செய்கிறேன் என்று ஒரு வரி. கடைசியில் என் அன்பு என்று ஒரு வரி, அதன்கீழ் கையெழுத்து. காலராவும் மலேரியாவும் சூழ்ந்த சயாம் காட்டு முகாம்களில் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்கூட, தணிக்கைக்குப் பயந்தும், வீட்டில் கலங்கக்கூடாது என்பதற்காகவும், உடல்நலம் நன்று என்றே அனுப்பினார்கள். ஆகவே அந்த அட்டையின் வாசகத்தை அப்படியே நம்ப முடியாது. குடும்பத்தார் உற்றுப் பார்த்தது கையெழுத்தைத்தான் என்பது என் எண்ணம். கை நடுங்கியிருக்கிறதா, அவருடைய கைதானா என்று பார்த்திருப்பார்கள்.

வீட்டிலிருந்து போன கடிதங்களின் கதை இதைவிட வேதனையானது. பிரிட்டனில் இருந்தவர்களும் ஒரு கட்டத்தில் 25 சொற்களுக்குமேல் எழுதக்கூடாது, பெரிய எழுத்துகளில் அல்லது தட்டச்சில் எழுதவேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டார்கள். ரஷ்யா வழியாகச் சுற்றி வந்த மூட்டைகள், தணிக்கைக்காக மாதக்கணக்கில் தேங்கின. குழந்தை பிறந்த செய்தி வந்து சேர்கையில் அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும். பல கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை. முகவரிக்குரியவர் இறந்துவிட்டதாகத் தகவல் என்ற முத்திரையுடன், எழுதியவர் கைக்கே திரும்பின.

எழுத அனுமதி இல்லாத நாள்களிலும் சிலர் எழுதினார்கள். சாங்கி சிறையில் இருந்த ஆர்தர் வெஸ்ட்ராப் படைவீரர் அல்லர், பொதுமக்களில் ஒருவர். அவர் தம் நாட்குறிப்பை மனைவிக்கு எழுதும் கடிதமாகவே எழுதி வந்தார். 400 பக்கங்கள்! 2021இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சாங்கி தேவாலய அரும்பொருளகத்துக்குப் போகிறவர்கள் அதைப் பற்றி அறிந்து வரலாம்.

இந்த இடத்தில் நாம் நம்மவர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில்பாதையை அமைத்தவர்கள் போர்க்கைதிகள் மட்டும் அல்லர். போர்க்கைதிகள் 60,000 பேருக்குமேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்தைத் தாண்டுவர் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் சுமார் 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் கணிசமானோர். தினம் ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி ஏற்றினார்கள். சொல்லிப் பார்த்து மசியாதவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள்.

அவர்களிடமிருந்து தோட்டத்து லயங்களுக்கு என்ன அட்டை வந்தது? ஒன்றும் இல்லை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். கடிதம் எழுதும் உரிமையை 1929 ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளுக்கே கொடுத்தது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் ஓரளவு பின்பற்றுவதாகச் சொன்னது. அந்தச் சொல்லின் பலன்தான் அந்த 25 சொற்கள். கூலியாளாகப் போனவருக்கு அந்த அரைகுறைப் பாதுகாப்பும் கிடையாது. பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கை வந்தது 1949இல்.

காஞ்சனபுரியில் போர்வீரர்களின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது பொறித்திருக்கிறது. சிலவற்றில் குடும்பத்தார் தந்த ஒரு வரியும் உண்டு. இராணுவம் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தது, வீட்டு முகவரி இருந்தது, கடிதம் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறை இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் காகிதம் இருக்கும் பக்கமே போகிறார்கள். அதனால் ரயில்பாதை என்றதும் உலகத்தார் கண்முன் வெள்ளைக்காரச் சிப்பாய் மட்டுமே வருகிறான். அவன் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் மண் சுமந்தவன் எங்கே?

நம் பக்கத்தில் தபால்காரர் வேலையைப் பார்த்தவர்கள், போர் முடிந்தபின் உயிரோடு திரும்பிய தொழிலாளர்கள். யார் எந்த முகாமில் இருந்தார், யாரைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று அவர்கள் வாயால் சொன்னதுதான் பல குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே செய்தி. அந்த வாய்ச்சொல் காகிதத்துக்கு வர ஐம்பது ஆண்டு ஆயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, பிறகு அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் அதை நாவல்களாக்கினார்கள். உங்கள் தாத்தா பாட்டி சொல்லிய பெயர்கள், ஊர்கள், தோட்டங்கள் நினைவிருந்தால், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 25 சொற்களாக இருந்தாலும் போதும்.