ஆலை கட்டிய ஊர்: ஹார்விபட்டி

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு அடிப்படை நீரே. 1895-இல் பெரியாறு அணை செயல்பாட்டுக்கு வந்தபின் அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் இருபோக நெல் உறுதிப்பட்டு, வாய்க்காலும் மடையும் அவற்றின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்தின. அன்றைய மதுரை மாவட்டத்தில் இப்பள்ளத்தாக்கும் அடங்கியிருந்தது. அணைக்கு மூன்றாண்டு முன்னதாக, 1892-இல், அம்மாவட்டத்தின் தலைநகரில் ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த மதுரை மில், ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து நடக்கும் வேறுவகைக் குடியிருப்பு ஒன்றைப் பிற்காலத்தில் தோற்றுவித்தது.

ஆலையை நிறுவிய ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள், அதற்கு முன்பே 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவிநீரின் விசையால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கியிருந்தனர். அதனை ஒட்டி வளர்ந்ததே இன்றைய விக்கிரமசிங்கபுரம். தூத்துக்குடியில் அவர்கள் நிறுவிய கோரல் மில்லில்தான் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிநடத்திய வேலைநிறுத்தம் நிகழ்ந்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்தது. மதுரையிலும் 1918-ஐ ஒட்டி ஜார்ஜ் ஜோசப் முதலியோர் முயற்சியால் தொழிற்சங்கம் உருவாயிற்று. இப்பின்னணியில் பார்க்கும்போது, ஹார்வி நிறுவனம் தொழிலாளர்க்கென ஓர் ஊரையே கட்டியது முற்றிலும் இரக்கத்தால் விளைந்ததென்று கொள்வதற்கில்லை. நிலையாக ஓரிடத்தில் குடியிருந்து, நேரம் தவறாமல் வேலைக்கு வரும் தொழிலாளர் குடும்பம் ஆலைக்கும் தேவைப்பட்டது.

விடுதலைக்கு முன்பே, திருப்பரங்குன்றத்தை அடுத்துத் திருநகரை ஒட்டிய நிலத்தில் அமைந்த இவ்வூர் நிறுவனத்தின் பெயராலேயே ஹார்விபட்டி எனப்பட்டது. முதலாளியே நிலம் வாங்கி, தெருக்களை முன்கூட்டியே அளந்து வகுத்து, ஒரே அமைப்பில் வீடுகள் கட்டிக் குடியேற்றும் இத்தகைய ஊர்களுக்கு மேலைநாட்டில் நெடிய மரபு உண்டு. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் 1800 முதல் ஆலையை நடத்திய ராபர்ட் ஓவன் பள்ளிக்கூடத்தை முதன்மையாகக் கருதினார். இங்கிலாந்தில் 1853-இல் ஆலை திறந்து சால்டேர் என்னும் ஊரை அமைத்த டைட்டஸ் சால்ட், கல் வீடுகளும் குளியலறைகளும் கட்டித் தந்ததோடு, தன் பிள்ளைகளின் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டி, மதுக்கடையை அறவே விலக்கினார். வீடு தருபவரே ஒழுக்கத்தையும் வகுப்பவராக இருந்த அவ்வேற்பாட்டில் நன்மையும் கட்டுப்பாடும் பிரிக்க முடியாதவாறு கலந்திருந்தன. சால்டேரில் வாழ்ந்தவர் வாடகைதாரரே. 1933-இல் வீடுகள் அனைத்தும் ஒட்டுமொத்தமாக வேறொரு சொத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டன.

ஹார்விபட்டி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மாதந்தோறும் தவணை செலுத்தி வந்த தொழிலாளி இறுதியில் வீட்டுக்குச் சொந்தக்காரராகும் முறை இங்கே கைக்கொள்ளப்பட்டது. இதன் பொருளைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் எளிதில் உணர்வர். ஏனெனில் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும், வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பான லயத்தை அவர்கள் தலைமுறைகளாக அறிவர். தொழிலாளர்க்கு வீடு தர வேண்டிய கடமையை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமீது சுமத்தியதெனினும், லயத்தில் குடியிருக்கும் உரிமை வேலையோடு பிணைந்தது. வேலை நீங்கினால் கூரையும் நீங்கும். தோட்டத்தில் நாற்பதாண்டு உழைத்தும் ஓய்வுபெறும் நாளில் தலைசாய்க்க இடம் தேடுவோர் நிலைமையோடு ஒப்பிட்டால், தவணை முறை எளிய கணக்காகத் தோன்றினும் அடிப்படையான மாற்றமே.

சொந்த வீடு இருந்தமையால், ஆலையின் போக்கு மாறியபோதும் ஊர் குலையவில்லை. 1974-இல் மதுரை மில்ஸ், கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஹார்வி என்னும் பெயர் ஆலையின் பெயர்ப்பலகையில் இடம்பெறாமல் போனபின்னும் ஊரின் பெயராக நிலைத்தது. நிறுவனத்தின் பொறுப்பிலிருந்து விலகி, தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கொண்ட பேரூராட்சியாகவும் ஹார்விபட்டி விளங்கியது. 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, திருநகர், விளாங்குடி ஆகிய பேரூராட்சிகளோடு அதுவும் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது.