கொசுவலையில் ஒட்டுப் போட்ட கதை

மூட்டை தூக்குறவங்க, வருசக்கணக்கா இருமுறவங்க பல பேருக்குக் கவட்டுப் பக்கம் வீக்கம் வரும். வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்துல குடல் பிதுங்குது. இதுதான் குடலிறக்கம். மாத்திரையில சரியாகாது. ஆபரேஷன்தான் வழி. அந்த ஆபரேஷன் வளர்ந்த கதை நம்ம சாக்குத் தைக்கிற கதைதான்.

1880களில் இத்தாலியில் பசினி என்ற டாக்டர், பிளந்த தசையை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். அதுக்கு முன்னாடி இருந்த வைத்தியத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் கிழிஞ்ச சாக்கை இழுத்துத் தைச்சா என்ன ஆகும்? பாரம் ஏறினதும் தையல் ஓரத்திலேயே பிரியும். வயிற்றிலும் சிலருக்கு அப்படித்தான் திரும்ப வந்தது.

1958-ல் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் அஷர், பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வலையை வைத்துத் தைத்த விவரத்தை வெளியிட்டார். பிறகு பாலிப்ரொப்பிலீன் வலைக்கு மாறினார். வலையின் கண்களுக்குள்ளே உடம்பின் சதை வளர்ந்து பின்னிக்கொள்ளும். 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸின் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்கவே வேண்டாம், வலையை ஒட்டு மாதிரி வைத்தால் போதும் என்று காட்டினார். கெட்டியான வலை சிலருக்கு விறைப்பும் வலியும் தந்ததால், 1990களில் கண் பெரிசான, எடை குறைந்த வலைகள் வந்தன.

எல்லாம் சரி, விலை? கூலி ஆளுக்கு அது எட்டணுமே!

மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர் ஒன்றைக் கவனித்தார். கொசுவலையும் அதே வகைப் பிளாஸ்டிக் நூல்தானே! அதை வெட்டி, கிருமி நீக்கி, ஏழைகளுக்கு வைத்தார். 2003-ல் அந்த அனுபவத்தை வெளியிட்டார்.

பெரிய டாக்டர்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான். அதையும் சோதித்தாங்க. உகாண்டாவில் 302 ஆண்களில் பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை. முடிவு 2016-ல் வந்தது. ஒரு வருசத்தில் கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் திரும்ப வந்தது, மற்றவர்களில் யாருக்கும் இல்லை. பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. விலையோ, ஒன்று 1 டாலர், மற்றது 125 டாலர்!

கடையில வாங்கின கொசுவலையை யாரும் அப்படியே வைக்கிறதில்லைங்க. துணியின் ரகம் பார்த்து, முறையாகக் கிருமி நீக்கித்தான் வைப்பாங்க.

வெட்கத்தில் மறைச்சு வைக்காதீங்க. வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தா, குடல் சிக்கியிருக்கலாம். களத்து வேலை கிடக்கட்டும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.