கடல் கடந்து மீண்ட வல்லாரை

ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு தரையாய்ப் படர்ந்து கிடப்பது வல்லாரை. கணுவுக்குக் கணு வேரூன்றி ஓடும் சிறுகொடி அது. வட்டமான இலை, காம்பு சேருமிடத்தில் ஒரு பிளவு, ஓரத்தில் சிறு சிறு வளைவுகள். காலால் மிதித்துச் செல்வோர் பலர். குனிந்து பறிப்போர் சிலர். அச்சிலரும் நினைவாற்றலுக்கு நல்லதென்று துவையல் அரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதோடு நின்றுவிடுகின்றனர்.

இவ்வெளிய கீரையின் சாரம் இன்று பிரெஞ்சு நாட்டிலும் கொரிய நாட்டிலும் செய்யப்பட்ட முகக் களிம்புகளில் அடைபட்டு, நாம் வாழும் இவ்வடநாட்டு நகரக் கடைகளுக்கு வந்து சேர்கின்றது. சிவந்து எரியும் தோலைத் தணிக்க வல்லது என்ற விளம்பரத்தோடு, ‘சிகா’ என்னும் பெயரில் அது விற்கப்படுகின்றது. வடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் தலைப்பகுதியே அப்பெயர். நம் வரப்போரத்துக் கொடி எவ்வாறு புறப்பட்டது, எவ்வழியே சென்றது, எப்பெயரோடு திரும்பியது என்பதை அறிந்துகொள்வது, தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்குச் சுவையும் பயனும் தருவதாகும்.

பெயர் பலவாயிற்று

வல்லாரை ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரியதன்று. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை மண்டூகபர்ணி என்று போற்றுகின்றன. மண்டூகம் என்பது தவளை. சிங்களர் இதனைக் கொட்டுகொல என்பர். வங்காளியர் தான்குனி என்பர். தெலுங்கர் சரசுவதி ஆக்கு என்பர். சீனத்தின் பழைய மருந்து நூல்களிலும் இதற்கு இடமுண்டு.

வடநாட்டில் ஒரு குழப்பம் உண்டு. இங்குள்ள கடையில் ‘பிராமி’ என்று கேட்டால், ஒரு கடைக்காரர் வல்லாரையை எடுத்துத் தருவார். மற்றொருவர் நாம் நீர்ப்பிரமி என்று வழங்கும் வேறொரு பூண்டைத் தருவார். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையாலும் பூவாலும் எளிதில் வேறுபடுபவை. உலர்த்திப் பொடித்தபின் கண்ணால் பிரித்தறிவது அரிது. பெயர் தவறினால் பொருளும் தவறும் என்பதற்கு இஃதொரு சான்று. இக்கொடியின் வரலாறு முழுவதும் பெயரின் வரலாறாகவே அமைந்திருப்பதை இனிக் காண்போம்.

ஐரோப்பியர் ஏட்டில் ஏறியது

மலையாளக் கரையில் ஒல்லாந்தர் ஆட்சி நடந்த காலத்தில், கொச்சியின் ஆளுநராய் இருந்த வான் ரீடு என்பார் அந்நாட்டுச் செடிகொடிகளைப் படமெழுதித் தொகுத்தார். இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரின் அறிவு அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில், மலையாளப் பெயரோடும் படத்தோடும் வல்லாரை இடம் பெற்றது. 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயசு இதற்கு ‘ஹைட்ரோகோட்டைல் ஆசியாட்டிகா’ என்று பெயர் சூட்டினார். 1879-இல் செருமானிய அறிஞர் உர்பன் அதனைச் ‘சென்டெல்லா ஆசியாட்டிகா’ என மாற்றி அமைத்தார். அப்பெயரே இன்றளவும் நிலைத்தது.

தமிழ்ப் பெயரை ஆங்கில மருத்துவ நூலில் பதித்தவருள் முன்னவர் வைட்லா எயின்சிலி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராய்ச் சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இவர், 1826-இல் வெளியிட்ட தம் நூலில் வல்லாரையைத் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். குழந்தைகளின் வயிற்றுக் கோளாற்றுக்கும் காய்ச்சலுக்கும் வறுத்த இலையை வெந்தயத்தோடு சேர்த்து நீரிலிட்டுக் கொடுப்பர் என்றும், அடிபட்ட இடங்களில் அழற்சி தணிய இலையைக் கட்டுவர் என்றும் எழுதினார். அழற்சி என்பது சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் கூடியது. ஆகவே, இன்றைய களிம்பு எதைச் செய்வதாகச் சொல்கின்றதோ அதனை நம் நாட்டு வைத்தியர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சேறிய சான்று கிடைத்துவிட்டது.

புதுச்சேரியில் பிறந்த ஒரு சொல்

1852-ஆம் ஆண்டளவில் மொரீசியசுத் தீவில் போயிலோ என்னும் மருத்துவர் வல்லாரையைத் தொழுநோய்க்கு மருந்தாக எடுத்துரைத்தார். தாமே அந்நோயால் வருந்தியவர் அவர். தொழுநோய்க்கு உறுதியான மருந்தே இல்லாத காலம் அது. செய்தி விரைவில் பரவியது.

அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை மருந்தாளுநராய் இருந்தவர் ழூல் லெப்பீன். அவர் வல்லாரையை உலர்த்தி, வடித்து, பகுத்து ஆராய்ந்தார். கசப்பும் நெடிய சுவையும் உடைய ஒரு பொருள் அதில் உண்டென்று கண்டு, 1855-இல் பிரெஞ்சு மருந்தியல் இதழில் வெளியிட்டார். அப்பொருளுக்கு அவர் இட்ட பெயர் ‘வெல்லாரின்’. வல்லாரை என்னும் தமிழ்ச் சொல்லே அங்ஙனம் பிரெஞ்சு உருவம் பெற்றது. புதுச்சேரித் தெருக்களில் கீரைக்காரி கூவிய பெயர், பாரிசு நகரத்து வேதியியலார் நாவில் ஏறியது. நினைக்கும்தோறும் மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ இது!

அதே 1855-இல் சென்னையில் ஹண்டர் என்னும் மருத்துவர் தொழுநோயாளர் மருத்துவமனையில் இதனைச் சோதித்தார். அவர் கண்ட முடிவு நிதானமானது. தொழுநோயை வேரறுக்கும் தனியாற்றல் வல்லாரைக்கு இல்லை. ஆயினும் நோயாளியின் துன்பத்தைக் குறைத்து உடலைத் தேற்றும் என்றார். பாரிசில் கசெனாவ் முதலிய தோல்நோய் மருத்துவர்களும் கரப்பானுக்கு இதனைக் கொடுத்துப் பார்த்தனர். 1868-இல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் வல்லாரைப் பொடியும் வல்லாரைப் பற்றும் அரசினர் ஏற்ற மருந்துகளாக இடம் பெற்றன. அடுத்த ஆண்டில் சென்னை மருத்துவர் மூதீன் ஷெரீப் அந்நூலுக்கு ஒரு துணைநூல் இயற்றி, மருந்துச் சரக்குகளின் நாட்டுப் பெயர்களைப் பல மொழிகளிலும் திருத்தமாய்த் தந்தார். பெயர்க் குழப்பத்தால் நேரும் கேட்டை உணர்ந்த பெருமகன் அவர்.

வெல்லாரினுக்கோ நல்லூழ் வாய்க்கவில்லை. 1874-இல் இலண்டனில் நூல் வெளியிட்ட ஃப்ளூக்கிகர், ஹான்பரி என்னும் இரு பெரும் மருந்தியலார், உலர்ந்த வல்லாரையிலிருந்து அப்பொருளை எடுக்க முயன்றும் கிட்டவில்லை என்று எழுதினர். உலர்த்திய முறையாலோ, பிரித்த முறையாலோ, லெப்பீன் கண்டதைப் பிறர் காண இயலவில்லை. மெய்ப்பிக்கப்படாத பொருளின் பெயர் நூல்களிலிருந்து மெல்ல மறைந்தது. அதனோடு நம் சொல்லும் வேதியியலை விட்டு நீங்கியது.

மடகாஸ்கரில் மறுபிறப்பு

இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் மடகாஸ்கர் தீவு உள்ளது. அங்கும் வல்லாரை செழித்து வளர்கின்றது. அங்குள்ள மக்களும் புண்ணாற்ற அதனைப் பயன்படுத்தி வந்தனர். 1941-இல் போன்டெம் என்னும் பிரெஞ்சு வேதியியலார் அத்தீவின் வல்லாரையிலிருந்து தூய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். லின்னேயசு இட்ட பெயரை ஒட்டி அதற்கு ‘ஆசியாட்டிகோசைடு’ என்று பெயர் அமைந்தது. பியர் போய்த்தோ என்னும் தாவரவியலாரும், லெடெரர், பொலோன்ஸ்கி முதலிய வேதியியலாரும் அதன் அமைப்பை ஆராய்ந்து 1949-இல் அறிவித்தனர். மடகாஸ்கரின் மைந்தரான ரட்சிமமங்கா என்னும் அறிஞரும் இவ்வாராய்ச்சியில் பெரும் பங்கு கொண்டார். 1957-இல் தம் நாட்டு மூலிகைகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் அவர் நிறுவினார்.

தொழுநோய்க்குச் சல்போன் மருந்துகள் வந்தபின் வல்லாரைக்கு அங்கு வேலை இல்லாது போயிற்று. புண்ணாற்றும் பணி மட்டும் எஞ்சியது. சென்னையில் ஹண்டர் 1855-இலேயே கண்ட எல்லைக்கு, நூறாண்டு சுற்றிவந்து உலகம் சேர்ந்தது எனலாம். ‘மடெகாசோல்’ என்னும் பெயரில் பிரான்சில் களிம்பு வெளிவந்தது. அது கொரியாவுக்கும் சென்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் மருந்தாயிற்று. புண்பட்ட புலி இச்செடியின்மேல் புரண்டு ஆறும் என்றொரு கதையும் சேர்ந்து, ‘புலிப்புல்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. மருந்துக் களிம்பிலிருந்து முகப் பூச்சுக்குத் தாவ நெடுநாள் ஆகவில்லை. வல்லாரையின் முதன்மைப் பொருள்கள் நான்கு. இரண்டின் பெயரில் ஆசியா இருக்கின்றது; இரண்டின் பெயரில் மடகாஸ்கர் இருக்கின்றது. புதுச்சேரியும் தமிழும் எதிலும் இல்லை.

தோலும் அதன் தணிப்பும்

நம் தோலின் மேற்படலம் செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரை ஒத்தது. உயிரணுக்கள் செங்கல், கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து குறைந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள உறுத்தும் பொருள்கள் உட்புகும். தோல் சிவந்து எரியும். கடற்கரைக் காற்றில் வளர்ந்த நம் மேனி, இவ்வூர் மார்கழி, தைக் குளிரில் வறண்டு வெடிப்பதற்கும், அதன்மேல் கொதிநீரும் காரச் சவுக்காரமும் பட்டு மேலும் எரிவதற்கும் காரணம் இதுவே. மாநிறமும் கருநிறமும் உடைய நம்மவரிடம் சிவப்பு அவ்வளவாய்க் கண்ணுக்குப் புலப்படாது. எரிச்சலும் தினவும் முதலில் தோன்றும். பின்னர் அவ்விடம் கறுக்கும். சிவப்பு இல்லையே என்று தாய்மார் வாளா இருந்துவிடலாகாது.

வல்லாரைச் சாரம், தோலின் கீழ்ப்படலத்து உயிரணுக்களைத் தூண்டிக் கொல்லாசன் என்னும் நாரை மிகுதியாக ஆக்குவிக்கின்றது என்பதை 1990-இல் பிரான்சில் இரைம்சு நகர ஆராய்ச்சியாளர் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். அழற்சியை மூட்டும் பொருள்களை அது குறைப்பதாகவும் பல ஆய்வுகள் கூறுகின்றன. இவ்வளவு சொல்லலாம். இதற்கு மேல் சொல்வது விளம்பரம்.

மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது என்று கொள்ளுதல் பிழை. வல்லாரைக் களிம்பே ஒவ்வாது தடித்தவர் உண்டென மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்லின் தோல் வெந்து கறுக்கும். சாக்கடை ஓரத்து வல்லாரை, நீரிலுள்ள நச்சு உலோகங்களையும் தன்னுள் ஏற்கும். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்தல் நலம். சிவப்பு நீங்காது நிலைப்பின், கடையை நாடாது தோல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

வல்லாரையைப் பிறர் கவர்ந்துகொண்டனர் என்று குறைகூறுதல் நம் நோக்கமன்று. லெப்பீனும் போன்டெமும் ரட்சிமமங்காவும் உழைத்தனர். உழைத்தவர் பெயர் நின்றது. அறிந்திருந்தும் எழுதி வைக்காதவர் பெயர் நிற்கவில்லை. எழுத்தின் வலிமைக்கு மஞ்சளே சான்று. மஞ்சளைக் கொண்டு புண்ணாற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் காட்டி வாதாடியது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பாட்டி சொன்னாள் என்பதை அம்மன்றத்தில் யாரும் ஏற்றிருக்க மாட்டார். பாட்டி சொன்னது ஏட்டில் இருந்தது, அதனால் வென்றது. அப்படிப்பினையால் 2001-இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்நூலகத்தில், சித்த மருத்துவத் தமிழ் நூல்களின் செய்திகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய மொழிகளில் இடம் பெற்று வருகின்றன.

அரசினர் செய்வது நூலில் உள்ளதைக் காக்கும் வேலை. நூலில் ஏறாதது நம் இல்லங்களில் உள்ளது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் காலனியில் ஒருங்கே வாழ்கின்றன. குழந்தையின் மேனி தடித்தால் அவ்வவ்வூரில் எவ்விலையை அரைத்தனர், எதனோடு கலந்தனர், எதை விலக்கினர் என்பதை மூத்த தாய்மார் அறிவர். அவர்களைக் கேட்டு, ஊர்ப்பெயரும் செடியின் தமிழ்ப் பெயரும் தாவரவியற் பெயரும் சேர்த்து எழுதி வைக்கும் பணியை நம் சங்கத்து இளைஞர் மேற்கொள்ளலாம். பயன் தந்தது இது, தராதது இது என்று ஹண்டரைப் போல் நடுநிலையோடு குறித்தல் வேண்டும்.

அதனோடு, இல்லந்தோறும் ஒரு தொட்டியில் வல்லாரை வளர்க்கலாம். அரைநிழலும் ஈரமண்ணும் போதும்; ஒரு கணு ஊன்றினால் தொட்டி நிறையும். கடுங்குளிரில் மட்டும் உள்ளே எடுத்து வைத்தல் நலம். பிள்ளைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றட்டும். அதன் பெயரைத் தமிழில் சொல்லிப் பழகட்டும். வேதியியல் நூலில் இழந்த சொல்லை நம் பிள்ளைகளின் நாவிலேனும் இழவாது காப்போமாக.