கிராஃப் செப்பலின் (விமானந்தாங்கிக் கப்பல்)

கிராஃப் செப்பலின் என்பது நாசி ஜெர்மனி கட்டத் தொடங்கி, முற்றுப்பெறாத நிலையில் கைவிட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஆகும். ஜெர்மனி நீரில் இறக்கிய ஒரே விமானந்தாங்கிக் கப்பல் இதுவே. இரண்டாம் உலகப் போரின் பின்னர் சோவியத் ஒன்றியத்தின் கைக்குச் சென்ற இக்கப்பல் 1947 ஆம் ஆண்டில் பால்ட்டிக் கடலில் மூழ்கியது. எங்கு, எவ்வாறு மூழ்கியது என்பது பல ஆண்டுகளாக வெளியுலகிற்குத் தெரியாதிருந்தது. 2006 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் போலந்துக் கடற்கரைக்கு அப்பால் இதன் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது.

கட்டுமானம்

கப்பலுக்கான அடித்தளம் 1936 டிசம்பர் 28 அன்று கீல் நகரிலுள்ள டொய்ச்ச வெர்க்க கப்பல் கட்டும் தளத்தில் இடப்பட்டது. 1938 டிசம்பர் 8 அன்று ஹிட்லர் முன்னிலையில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. வான்கப்பல்களை உருவாக்கிய பெர்டினாண்ட் வொன் செப்பலின் பிரபுவின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. அவருடைய மகளே பெயர்சூட்டு விழாவை நடத்தி வைத்தார்.

கப்பலின் நீளம் 262.5 மீட்டர். முழுச் சுமையுடன் இதன் இடப்பெயர்ச்சி 33,000 தொன்னிற்கும் அதிகமாக இருக்குமெனத் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 40 விமானங்களைச் சுமக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மெஸ்ஸர்ஸ்மிட் 109 சண்டை விமானத்தினதும், யுங்கர்ஸ் 87 குண்டுவீச்சு விமானத்தினதும் கடற்படைக்கு ஏற்ப மாற்றப்பட்ட வடிவங்கள் இதற்கென உருவாக்கப்பட்டன.

கைவிடப்படல்

1939 இல் போர் தொடங்கியபோது கப்பலின் பெரும்பகுதி வேலைகள் முடிந்திருந்தன. எனினும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டதால் 1940 ஏப்ரலில் வேலைகள் நிறுத்தப்பட்டன. இதற்கெனச் செய்யப்பட்ட பீரங்கிகள் நோர்வேயின் கரையோரப் பாதுகாப்பிற்கு அனுப்பப்பட்டன. பின்னர் கப்பல் கோட்டன்ஹாபன் (இன்றைய கிடினியா) துறைமுகத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டு, மரக்கட்டைகளைச் சேமிக்கும் கிடங்காகப் பயன்படுத்தப்பட்டது.

1941 மே மாதத்தில் பிஸ்மார்க் போர்க்கப்பலின் சுக்கானைச் சேதப்படுத்தியது, ஆர்க் ராயல் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சென்ற விமானமாகும். 1942 மார்ச்சில் திர்பித்ஸ் கப்பலும் இத்தகைய தாக்குதலிலிருந்து மயிரிழையில் தப்பியது. இந்நிகழ்வுகள் விமானந்தாங்கிக் கப்பலின் தேவையை உணர்த்தின. 1942 மே மாதத்தில் வேலைகளை மீண்டும் தொடங்க ஹிட்லர் உத்தரவிட்டார். ஆனால் அவ்வாண்டின் இறுதியில் பாரென்ட்ஸ் கடற்சமரில் ஏற்பட்ட தோல்வியின் பின்னர் பெரிய கப்பல்கள் மீது அவர் நம்பிக்கையிழந்தார். 1943 தொடக்கத்தில் வேலைகள் இறுதியாகக் கைவிடப்பட்டன. கப்பலிலிருந்து ஒரு விமானமேனும் போருக்குப் புறப்படவில்லை.

1945 ஏப்ரல் 25 அன்று செஞ்சேனை நெருங்கி வந்தபோது, ஸ்டெட்டின் (இன்றைய ஷெட்சின்) நகருக்கு அருகே ஜெர்மானியரே வெடிவைத்துக் கப்பலை ஆழமற்ற நீரில் அமிழ்த்தினர்.

சோவியத் ஒன்றியத்தின் கையில்

போரின் பின்னர் சோவியத் கடற்படை கப்பலை மீட்டு மிதக்கச் செய்தது. ஜெர்மானியக் கப்பல்களைப் பங்கிட்ட நேச நாடுகளின் ஆணைக்குழு, சேதமடைந்து கைப்பற்றப்பட்ட கப்பல்களை உடைத்துவிட அல்லது ஆழ்கடலில் மூழ்கடித்துவிட வேண்டுமென முடிவு செய்திருந்தது. 1947 பெப்ரவரியில் கப்பலுக்கு பி.பி.-101 என்ற புதிய பெயர் இடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் நடுப்பகுதியில் அது கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பயிற்சி இலக்காகப் பயன்படுத்தப்பட்டது. கப்பலில் வைக்கப்பட்ட குண்டுகள் வெடிக்க வைக்கப்பட்டன. விமானங்களும் குண்டு வீசின. இறுதியில் நீர்மூழ்கிக் குண்டுகளால் தாக்கப்பட்டுக் கப்பல் மூழ்கியது. ஒரு விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்க எவ்வளவு வலிமை தேவை என்பதை அறிவதே இச்சோதனையின் நோக்கமாக இருந்தது.

இச்செய்தி அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. இதனால் பல ஊகங்கள் எழுந்தன. ஜெர்மனியில் கைப்பற்றிய பொருட்களை ஏற்றிக்கொண்டு லெனின்கிராட் செல்லும் வழியில் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது என்பது அவற்றுள் பரவலாக நம்பப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்டபோதே சோதனை பற்றிய விவரங்கள் தெரியவந்தன. ஆயினும் கப்பல் கிடக்கும் இடம் உறுதிப்படுத்தப்படாமலே இருந்தது.

கண்டுபிடிப்பு

2006 ஜூலை 12 அன்று போலந்தின் பெட்ரோபால்ட்டிக் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான புனித பார்பரா என்ற ஆய்வுக் கப்பல், விளாடிஸ்லாவோவோ நகருக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 265 மீட்டர் நீளமான சிதைவொன்றைக் கண்டது. எண்ணெய் வளம் தேடும் பணியின்போது இது தற்செயலாக நிகழ்ந்தது. சிதைவு 80 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்தது.

அதே மாதத்தில் போலந்துக் கடற்படையின் ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வுக் கப்பல் அங்கு அனுப்பப்பட்டது. தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடி இயந்திரமும், ஒலி அலைகளைக் கொண்டு படமெடுக்கும் கருவியும் பயன்படுத்தப்பட்டன. கிடைத்த படங்கள் வரலாற்று ஆவணங்களுடன் ஒப்பிடப்பட்டன. ஜூலை 27 அன்று அது கிராஃப் செப்பலின் என்று கடற்படை உறுதிசெய்தது.

முக்கியத்துவம்

போர்க்கால விமானந்தாங்கிக் கப்பல்கள் வேறு சிலவும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் யார்க்டவுன் 1998 இலும், பிரித்தானியாவின் ஆர்க் ராயல் 2002 இலும், ஜப்பானின் ககா, அககி ஆகியன 2019 இலும் கண்டறியப்பட்டன. இவை யாவும் போரில் ஈடுபட்டு அழிந்தவை. கிராஃப் செப்பலினோ போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், அதைக் கட்டிய நாட்டின் கொடியின்றி மூழ்கியது. சோவியத் ஆவணங்கள் கூறிய முடிவு உண்மையென்பதற்குக் கடலடியில் கிடக்கும் இச்சிதைவே நேரடிச் சான்றாக அமைந்தது.