விதை நோய்களும் இழையப் பரிசோதனையும்

விதைப்பையில் வீக்கம் கண்டால் அதனை மனைவியிடமோ தாயிடமோகூடச் சொல்லாது மறைக்கும் வழக்கம் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒன்று போலவே உள்ளது. பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்களில் வைத்தியசாலைக்குள்ள தூரமும், இழக்க நேரிடும் ஒரு நாட் சம்பளமும் அந்த வெட்கத்துடன் சேர்ந்துகொள்கின்றன. "ஓதம் இறங்கியிருக்கிறது" என்ற ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடுகின்றது.

ஓதம் பெரும்பாலும் தீங்கற்ற நீர்க்கோர்வையே. யானைக்கால் நோயாலும் அது உண்டாகலாம். ஆயினும் அந்நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கு உரியதாக இருந்ததேயன்றிச் சப்ரகமுவ அவ்வலயத்தில் அடங்கவில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் அது ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் உறுதிப்படுத்தியது. கூகைக்கட்டால் வரும் விதை அழற்சியும் 2011இல் அதற்கான தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பின்னர் குறைய வேண்டியதே.

எஞ்சியவற்றைக் கையால் தொட்டு மட்டும் பிரித்தறிய இயலாது. ஸ்கேன் வழிகாட்டும், முடிவு கூறுவது பெரும்பாலும் நுணுக்குக்காட்டியே. அகற்றப்பட்ட இழையம் போமலினில் இடப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டப்படுகின்றது. காசநோயாயின் பாலாடைக்கட்டி போன்ற அழிவைச் சூழ்ந்த கலத்திரள்கள் தென்படும். இது பெரும்பாலும் விதைமேற்றிணிவில் தொடங்கும். முறுக்குண்ட விதையிலோ இரத்தம் தேங்கி மடிந்த இழையமே காணப்படும்.

இந்த முறுக்கல் இளைஞர்களையே அதிகம் தாக்கும். திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் எடுக்கும். ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தபின் அது அரிது. இரவில் வலி எடுத்த பையனைத் தோட்ட மருந்தகம் திறக்கும்வரை லயத்தில் வைத்திருப்பது இதனாலேயே ஆபத்தாகின்றது.

புற்றுநோயோ பெரும்பாலும் வலியற்ற கட்டியாகவே வருகின்றது. விதைப் புற்றுகளில் ஏறத்தாழ 95 வீதமானவை மூல உயிரணுக்களில் தோன்றுபவை; 15 முதல் 40 வயது வரையுள்ளோரையே அதிகம் பற்றுகின்றன. அறுபதைக் கடந்தோரில் நிணநீர்ப் புற்றையே முதலில் ஐயுற வேண்டும். விதையைச் சூழ்ந்த பகுதிக் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை எனினும், சிறுவர்களில் தோன்றும் தசைப் புற்று விதிவிலக்கு. புற்றென ஐயுறப்படும் விதையை அரைவழியாகவே முழுமையாக அகற்றுவர். விதைப்பையில் ஊசி குத்தி இழையம் எடுப்பது தவிர்க்கப்படுகின்றது.

உடலெங்கும் பரவிய விதைப்புற்று ஒரு காலத்தில் மரணத் தீர்ப்பாகவே இருந்தது. 1974இல் அமெரிக்காவின் இந்தியானாவில் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்துக் கூட்டை வழங்கத் தொடங்கிய பின்னர் அந்நிலை மாறியது. இன்று ஆரம்பத்தில் கண்டறியப்படுவோரிற் பெரும்பாலார் குணமடைகின்றனர். மற்றைய விதை நலமாயிருப்பின் தந்தையாவதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஆனால் இழைய அறிக்கையின்றி எந்த மருந்து என்று தீர்மானிக்க முடியாது. தையல் ஆறியதும் அறிக்கையைப் பெறாமலே வேலைக்குத் திரும்புபவருக்குச் சத்திரசிகிச்சை அரைகுறையாகவே முடிகின்றது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்லும்போது கையில் இருக்க வேண்டிய முதற் கடதாசி அதுவே.

பெற்றோர் அறிய வேண்டியது மற்றொன்று. விதைப்பைக்குள் இறங்காத விதையில் பிற்காலத்தில் புற்று தோன்றும் வாய்ப்புப் பன்மடங்காகும். ஆறு மாதமாகியும் இறங்காதிருப்பின், தடுப்பூசிக்குக் கொண்டு செல்லும் நாளிலேயே குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூறலாம். சத்திரசிகிச்சையை ஒன்றரை வயதுக்குள் செய்வது நல்லது.